சிலாஜிசம் கேள்விகளில் ‘சில’, ‘எல்லா’, ‘மட்டுமே’: யாராவது தெளிவாக்குங்களேன்

கொலுசுப்பட்டறை (சிவதாபுரம்)

வங்கி கிளார்க் தேர்வுக்குத் தமிழில் படித்துக்கொண்டிருக்கிறேன். கணக்குப் பகுதி பரவாயில்லை. ரீசனிங்கில் சிலாஜிசம்தான் (கொடுத்த கூற்றுகளிலிருந்து எந்த முடிவு வரும் என்று கேட்பது) தகராறு. மாக் டெஸ்டில் வந்த ஒரு கேள்வி:

கூற்று: சில கொலுசுகள் வெள்ளி. எல்லா வெள்ளியும் உலோகம்.
முடிவு 1: சில கொலுசுகள் உலோகம்.
முடிவு 2: சில கொலுசுகள் வெள்ளி அல்ல.

முதல் முடிவு மட்டுமே சரி என்கிறது விடைக்குறிப்பு. சேர்ந்து படிக்கிற நாங்கள் இதை வைத்து இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டோம். சில கொலுசுதான் வெள்ளி என்றால் மிச்சம் வெள்ளி இல்லை என்றுதானே அர்த்தம்? எங்கள் வீட்டிலேயே கொலுசுப் பட்டறை. கடைக்காரரிடம் சரக்கைக் கொண்டுபோய் ‘இதில் சில கொலுசு வெள்ளிங்க’ என்று சொன்னால், மிச்சத்தை உரசிப் பார்க்காமல் விடுவாரா? பயிற்சி மையத்தில் கேட்டால் ‘ரூல் அப்படி, மனப்பாடம் பண்ணு’ என்கிறார்கள். ரூலுக்குப் பின்னால் காரணம் என்று ஒன்று இருக்குமே, அதைச் சொல்லுங்கள்.

மலைக்காப்பி (ஏற்காடு)

தம்பி, விடைக்குறிப்பு சரிதான். பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன் நான், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

சேலத்திலிருந்து இங்கே ஏறி வரும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவது வளைவில் வண்டியை ஓரங்கட்டி, வீட்டுக்குப் போன் போட்டு ‘சில வளைவுகளில் பனிமூட்டம்’ என்கிறீர்கள். அது உண்மை. மேலே இருக்கிற 17 வளைவுகளிலும் பனி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். உச்சிக்கு வந்த பிறகு 20 வளைவிலும் பனிதான் என்று தெரிகிறது. கீழே நின்று சொன்னது அதனால் பொய்யாகிவிடுமா? ஆகாது. தேர்வில் வரும் ‘சில’ என்பது மூன்றாவது வளைவில் நிற்கிறவர் சொல்லும் ‘சில’. குறைந்தது ஒன்றாவது உண்டு, அவ்வளவுதான். மற்றதைப் பற்றி அது வாயே திறக்கவில்லை.

கடைக்காரர் விஷயம் வேறு. அவரிடம் சரக்கு கொண்டுபோகிறவர் 20 வளைவையும் ஏறிவிட்டு வந்தவர். பட்டறைக்காரருக்குத் தன் கொலுசு ஒவ்வொன்றும் தெரியும். தெரிந்தவர் ‘சில’ என்றால் ‘எல்லாம் இல்லை போல’ என்று கேட்பவர் எடுத்துக்கொள்வது நியாயம். வினாத்தாளில் கூற்றைச் சொல்கிறவருக்கு அதற்கு மேல் எதுவும் தெரியும் என்று நாம் வைத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று. ஒரு முடிவு ‘வரும்’ என்றால், கூற்றுக்கு ஒத்துப்போகிற எந்தப் படத்தை வரைந்தாலும் அந்த முடிவு நிற்க வேண்டும். ஒரே ஒரு படத்தில் உடைந்தால் போதும், அது வராது. உங்கள் கேள்விக்கு இரண்டு படம் வரையுங்கள், ஒவ்வொரு வகைக்கும் ஒரு வட்டம். முதல் படத்தில் கொலுசு வட்டமும் வெள்ளி வட்டமும் பாதிக்குப் பாதி வெட்டிக்கொள்ளட்டும். இரண்டாவதில் கொலுசு வட்டம் முழுக்க வெள்ளிக்குள் கிடக்கட்டும். இரண்டு படத்திலும் ‘சில கொலுசுகள் வெள்ளி’ உண்மை. இரண்டாவது முடிவு இரண்டாவது படத்தில் செத்துப்போகிறது. முதல் முடிவு இரண்டிலும் நிற்கிறது.

செவ்வாய்பேட்டை வாசகி

சார் சொன்ன ‘தெரிந்தவர், தெரியாதவர்’ வித்தியாசம் அருமை. அதையே மொழியியலில் வேறு வார்த்தையில் சொல்வார்கள். பால் கிரைஸ் என்ற தத்துவவாதி 1975இல் வெளிவந்த கட்டுரையில் எழுதியது: பேசுகிறவர் தேவையான அளவு தகவலைத் தருவார் என்று கேட்பவர் நம்புகிறார். ‘எல்லா’ என்று சொல்ல முடிந்தும் ‘சில’ என்று நிறுத்தினால், அந்த நிறுத்தத்துக்கே நாம் ஓர் அர்த்தம் கொடுத்துவிடுகிறோம். சொல்லில் இல்லாத அர்த்தம் அது, சொன்ன சூழ்நிலையிலிருந்து வருவது.

ஐரா நோவெக் என்பவர் 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ‘சில ஒட்டகச்சிவிங்கிகளுக்கு நீண்ட கழுத்து உண்டு’ என்ற மாதிரி வாக்கியங்களைச் சிறுவர்களிடமும் பெரியவர்களிடமும் கொடுத்துக் கேட்டார்கள். சிறுவர்களில் பெரும்பகுதியினர் ‘சரிதான்’ என்றார்கள். பெரியவர்களில் பலர் ‘எல்லாவற்றுக்கும்தானே நீண்ட கழுத்து, இது தப்பு’ என்று மறுத்தார்கள். தர்க்கப்படி பார்த்தால் சிறுவர்கள் சொன்னதுதான் தேர்வு விடை! ஆகவே இரண்டாவது முடிவும் வரும் என்ற கொலுசுத் தம்பியின் கட்சிக்காரர்கள் யாரும் மந்தமானவர்கள் இல்லை. பேச்சுப் பழக்கம் அவர்களுக்கு நன்றாக வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

கொலுசுப்பட்டறை

சார், அக்கா, ரொம்ப நன்றிங்க. வளைவு உதாரணத்தை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், சண்டை நின்றது. ஆனால் உடனே அடுத்த சண்டை வந்துவிட்டது. ‘ஒரு சில மட்டுமே’ என்று வந்தால்? அதையும் ‘சில’ மாதிரியே எடுத்துக்கொள்வதா?

சூரமங்கலம் ஜங்ஷன்

இதற்கு நான் வருகிறேன். பசங்களுக்கு ரீசனிங் எடுக்கிறேன், வாரக் கடைசியில் மட்டும்.

வங்கித் தேர்வில் இப்போது அடிக்கடி வருவது இந்த ‘ஒரு சில மட்டுமே’தான். அதைப் பார்த்தவுடன் இரண்டு வரியாக உடைத்து எழுதிக்கொள். ‘ஒரு சில தறிகள் மட்டுமே விசைத்தறிகள்’ என்றால்: சில தறிகள் விசைத்தறிகள். சில தறிகள் விசைத்தறிகள் அல்ல. இரண்டும் உறுதி. வெறும் ‘சில’வில் இரண்டாவது வரி கிடையாது. ‘மட்டுமே’ ஒட்டிக்கொண்டதால் வந்தது அது.

இதற்கு மேல் பாசிபிலிட்டி கேட்பான். ‘எல்லாத் தறிகளும் விசைத்தறிகளாக இருக்க வாய்ப்புண்டு’: வராது, கூற்றே தடுத்துவிட்டது. ‘எல்லா விசைத்தறிகளும் தறிகளாக இருக்க வாய்ப்புண்டு’: வரும். தடை ஒரு பக்கத்துக்குத்தான் போட்டிருக்கிறது, விசைத்தறிப் பக்கம் திறந்தே கிடக்கிறது. இந்தத் திசை மாற்றத்தில்தான் பசங்கள் காலை விடுகிறார்கள். தப்பான விடைக்குக் கால் மார்க் போகும், சும்மா குத்திவிட்டு வர முடியாது.

‘ஒரு சில’ என்று மட்டும் வந்தால்? ‘மட்டுமே’ இல்லையென்றால் பழைய ‘சில’தான். ‘பல’ வந்தாலும் வங்கித் தேர்வில் ‘சில’ மாதிரிதான் போட வேண்டும்.

தாதகாப்பட்டி தறி

விசைத்தறி எல்லாமே தறிதான் சார், அதில் என்ன ‘வாய்ப்புண்டு’! கேட்கிறவனுக்கே தெரியாதா?

சூரமங்கலம் ஜங்ஷன்

அண்ணா, அதுதான் பொறி. உங்களுக்குத் தறி தெரிந்திருப்பது இங்கே இடைஞ்சல். நாளைக்கே ‘எல்லாத் தறிகளும் மாம்பழங்கள்’ என்று வரும், அதையும் நம்பித்தான் போட வேண்டும். கூற்றில் இருப்பது மட்டும்தான் உலகம்.

தாதகாப்பட்டி தறி

நம்பிட்டேன் 😀 சரி, ‘மட்டுமே’ தனியாக வந்தால்? என் மகளின் புத்தகத்தில் ‘ஜவ்வரிசி மட்டுமே வெண்மை’ என்று ஒன்று. அவள் ‘எல்லா ஜவ்வரிசியும் வெண்மை’ என்று படம் போடுகிறாள்.

மலைக்காப்பி

அந்தப் படம் தலைகீழ். ‘ஜவ்வரிசி மட்டுமே வெண்மை’ என்றால் வெண்மையாக எதைக் கண்டாலும் அது ஜவ்வரிசிதான். அதாவது எல்லா வெண்மையும் ஜவ்வரிசி. வெண்மை வட்டம் உள்ளே, ஜவ்வரிசி வட்டம் வெளியே. ஜவ்வரிசியில் பழுப்பானது கிடக்கலாம், அதை இந்தக் கூற்று தடுக்கவில்லை.

பாப்பாவிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘டிக்கெட் வைத்திருப்பவர்கள் மட்டுமே மலர்க் கண்காட்சிக்குள் போகலாம்.’ உள்ளே நிற்கிற ஒருவரைப் பிடித்தால் அவரிடம் டிக்கெட் இருந்தே ஆக வேண்டும். ஆனால் டிக்கெட் வாங்கிய எல்லோரும் உள்ளே போனார்களா? மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஜ்ஜிக் கடையிலேயே நின்றவர்கள் இருப்பார்களே. பாப்பா சட்டென்று பிடித்துக்கொள்வாள்.

ஜங்ஷன் தம்பி சொன்ன ‘ஒரு சில மட்டுமே’யையும் இதையும் குழப்பக் கூடாது. ‘மட்டுமே’ எதோடு ஒட்டி நிற்கிறது என்று பாருங்கள். பொருளின் பெயரோடு ஒட்டினால் திசை திரும்பும். ‘ஒரு சில’வோடு ஒட்டினால் திசை அப்படியே இருக்கும், ‘மிச்சம் அல்ல’ என்பது கூடுதலாக வரும்.

அழகாபுரம் சிஎஸ்

நடுவில் புகுகிறேன், மன்னிக்கவும். கல்லூரியில் டிஸ்கிரீட் மேத்ஸ் படித்தேன். அங்கே ‘எல்லா’விலிருந்து ‘சில’ வராது என்று சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே வங்கித் தேர்வுப் புத்தகத்தில் ‘எல்லாக் கொலுசும் வெள்ளி’ என்றால் ‘சில கொலுசு வெள்ளி’ வரும் என்று போட்டிருக்கிறது. இரண்டும் எப்படிச் சரியாகும்?

மலைக்காப்பி

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான்.

ஒரு கூற்று சொல்கிறேன்: ‘ஏற்காட்டு ரயில் நிலையத்தில் நிற்கும் எல்லா வண்டிகளும் தங்கத்தால் ஆனவை.’ ஏற்காட்டுக்கு ரயில் பாதையே கிடையாது. (ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்று ஒன்று இருக்கிறது, ஈரோட்டுக்கும் சென்னைக்கும் ஓடுகிறது, சேலத்தில் நிற்கும், மலைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. வெளியூர்க்காரர்கள் பலர் அதில் ஏறினால் ஏற்காடு வந்துவிடும் என்று நினைக்கிறார்கள்.) இல்லாத நிலையத்தில் தங்கம் அல்லாத வண்டி ஒன்றைக் காட்டி என்னை மறுக்க முடியுமா? முடியாது. அதனால் இன்றைய கணிதத் தர்க்கத்தில் அந்தக் கூற்று உண்மை. ஆனால் ‘சில வண்டிகள் தங்கம்’ என்றால் ஒரு வண்டியாவது இருந்தாக வேண்டும். அது பொய். ஆகவே அங்கே ‘எல்லா’விலிருந்து ‘சில’ வராது.

அரிஸ்டாட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வகுத்த முறையில் காலியான வகைக்கு இடமில்லை. எந்தப் பெயரைச் சொன்னாலும் அதற்கு ஆள் உண்டு. அந்த முறையில் ‘எல்லா’ இருந்தால் ‘சில’ தானாக வரும். காலி வகையையும் கணக்கில் எடுக்கும் பார்வை 19ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் பூல், பிறகு ஜான் வென் போன்றவர்களோடு நிலைபெற்றது. நாம் வட்டம் வட்டமாகப் போடுகிற வென் படம் 1880இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தது. வேடிக்கை என்னவென்றால், நம் ஊர் வங்கித் தேர்வு வென்னுடைய வட்டங்களை வாங்கிக்கொண்டு அரிஸ்டாட்டிலின் ரூலை வைத்திருக்கிறது.

அதனால் வங்கித் தேர்வில் ‘எல்லா’ என்றால் ‘சில’வும் வரும் என்று போடுங்கள். செமஸ்டர் தேர்வில் போடாதீர்கள்.

அழகாபுரம் சிஎஸ்

தெளிவாகிவிட்டது சார். பேராசிரியர் இதை ஒரு வரியில் சொல்லியிருந்தால் ஒரு செமஸ்டர் நிம்மதியாகப் போயிருக்கும்.

மல்கோவா ரசிகன் (கன்னங்குறிச்சி)

தமிழில் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. ‘எல்லா மாம்பழங்களும் இனிப்பு இல்லை.’ இதற்கு என்ன படம் போடுவீர்கள்?

எங்கள் தெருவில் இப்படிச் சொன்னால் ‘சிலது புளிக்கும், பார்த்து வாங்கு’ என்று அர்த்தம். ஆனால் வாக்கியத்தை அப்படியே எடுத்தால் ‘ஒன்றுகூட இனிப்பு இல்லை’ என்றும் படிக்கலாம். இரண்டுக்கும் படம் வேறு, விடை வேறு. ஒரு மாதிரி வினாத்தாளில் இப்படியே அச்சடித்திருந்தார்கள். விடையைப் பார்த்துத்தான் அவர்கள் எதை நினைத்தார்கள் என்று தெரிந்தது.

செவ்வாய்பேட்டை வாசகி

ஆமாம், ‘எல்லா’வும் ‘இல்லை’யும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்தால் எது எதை ஆள்கிறது என்பது குரலில்தான் தெரியும். ‘எல்லாம் இனிப்பு இல்லைங்க’ என்று ‘எல்லாம்’ மேல் அழுத்திச் சொன்னால் ஓர் அர்த்தம், சப்பென்று சொன்னால் வேறு. தாளில் அழுத்தம் ஏது?

ஒழுங்காகத் தமிழில் கேள்வி அமைக்கிறவர்கள் இதைத் தவிர்த்துவிடுவார்கள். ஒன்றுகூட இல்லை என்றால் ‘எந்த மாம்பழமும் இனிப்பு இல்லை’. சிலவற்றுக்குத்தான் மறுப்பு என்றால் ‘சில மாம்பழங்கள் இனிப்பு அல்ல’.

சூரமங்கலம் ஜங்ஷன்

கணினித் தேர்வில் கேள்வியை மொழி மாற்றிப் பார்க்கும் வசதி இருந்தால், இப்படி ஒரு வரி வந்தவுடன் ஆங்கிலத்தையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிடு. ஆங்கிலம் அரைகுறை என்றாலும் பரவாயில்லை, ‘நோ’வில் ஆரம்பிக்கிறதா, ‘நாட் ஆல்’ என்று ஆரம்பிக்கிறதா என்று பார்த்தால் போதும். ‘நோ’ என்றால் ஒன்றும் இல்லை. ‘நாட் ஆல்’ என்றால் குறைந்தது ஒன்றாவது இல்லை. சில வினாடி வேலை.

மல்கோவா ரசிகன்

தாளில் எழுதும் தேர்வில் அந்தத் தட்டு கிடையாதே அண்ணா. அங்கே முடிவுகளைப் பார்த்துக் கேள்வி அமைத்தவரின் மனதைப் படிக்க வேண்டியிருக்கிறது. அது தர்க்கத் தேர்வா, ஜோசியமா?

கொலுசுப்பட்டறை

‘பெரும்பாலான’ பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அழகாபுரம் சிஎஸ்

இது என் ஏரியா. வங்கித் தேர்வில் ‘பெரும்பாலான’ வந்தால் ‘சில’ என்று போட்டுவிட்டு நகர வேண்டியதுதான், அதற்கு மேல் பலன் இல்லை. ஆனால் அமெரிக்கச் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான எல்சாட் மாதிரியானவற்றில் அதற்குச் சொந்தமாக ஒரு கனம் உண்டு: பாதிக்கு மேல். எல்லாமாகவும் இருக்கலாம்.

ஒரு கடையில் 50 சேலை. பெரும்பாலானவை பட்டு, பெரும்பாலானவை வெள்ளை. பட்டு குறைந்தது 26, வெள்ளை குறைந்தது 26. கூட்டினால் 52. இருப்பது 50தான், ஆகவே இரண்டு சேலையாவது பட்டாகவும் வெள்ளையாகவும் இருந்தே ஆக வேண்டும். ‘சில பட்டுச் சேலைகள் வெள்ளை’ உறுதியாக வருகிறது. இரண்டு ‘சில’வை வைத்து இதைச் செய்யவே முடியாது.

ஆனால் சங்கிலியாகப் போட்டால் அறுந்துவிடும். பெரும்பாலான சேலைகள் பட்டு, பெரும்பாலான பட்டுத்துணிகள் வேட்டிக்கரை போட்டவை என்றால் சேலைக்கும் வேட்டிக்கரைக்கும் எதுவும் வராது. கடையில் மூன்றே சேலை, அதில் இரண்டு பட்டு, மற்றபடி நூறு பட்டு வேட்டி கிடக்கிறது, கரை அந்த வேட்டிகளில் மட்டும்தான் என்று வைத்துப் பாருங்கள்.

செவ்வாய்பேட்டை வாசகி

இரண்டு ‘சில’ என்றதும் ஞாபகம் வந்தது. சில மாம்பழங்கள் இனிப்பு, சில இனிப்புகள் அல்வா, ஆகவே சில மாம்பழங்கள் அல்வா. கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் பழக்கமில்லாத பெயர்களைப் போட்டுக் கொடுத்தால் பலர் ‘வரும்’ என்று டிக் அடித்துவிடுவார்கள். கூற்றில் ‘சில’ ஒலித்தால் முடிவிலும் ‘சில’வைத் தேடிக் கை போகிறது. வுட்வொர்த், செல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1935லேயே இந்தப் போக்கை எழுதிவைத்துவிட்டார்கள்.

தாதகாப்பட்டி தறி

விடையில் ‘ஈதர் ஆர்’ (இரண்டு முடிவில் ஏதாவது ஒன்று வரும்) என்று ஒன்று போடுகிறார்களே, அது எப்போது?

சூரமங்கலம் ஜங்ஷன்

இரண்டு முடிவும் தனித்தனியாக உறுதியில்லை, ஆனால் இரண்டில் ஒன்று நடந்தே தீரும், இரண்டும் சேர்ந்து நடக்காது என்றால் போடு. ‘சில கொலுசு தங்கம்’, ‘எந்தக் கொலுசும் தங்கம் இல்லை’: இது ஜோடி. ‘எல்லாக் கொலுசும் தங்கம்’, ‘சில கொலுசு தங்கம் அல்ல’: இதுவும் ஜோடி. ‘எல்லாம் தங்கம்’, ‘எதுவுமே தங்கம் இல்லை’: இது ஜோடி இல்லை, பாதி தங்கமாக இருந்தால் இரண்டுமே பொய்.

கொலுசுப்பட்டறை

எல்லாம் சேர்த்து ஒரு கேள்வி வைத்திருக்கிறேன், குழுவில் யாரும் ஒத்துப்போகவில்லை.

கூற்று: ஒரு சில சேலைகள் மட்டுமே பட்டு. எல்லாப் பட்டும் வெள்ளை. எந்தப் பட்டும் பருத்தி இல்லை.
முடிவு 1: எல்லாச் சேலைகளும் வெள்ளையாக இருக்க வாய்ப்புண்டு.
முடிவு 2: எல்லாச் சேலைகளும் பருத்தியாக இருக்க வாய்ப்புண்டு.

‘ஒரு சில மட்டுமே’ வந்துவிட்டதால் ‘எல்லா’ எங்கேயும் வராது என்று இரண்டையும் அடித்துவிட்டார்கள்.

தாதகாப்பட்டி தறி

முதல் முடிவு வரும் தம்பி. பட்டு ஆகாத சேலை வெள்ளையாக இருக்கக் கூடாது என்று எங்கே சொன்னார்கள்? தடை பட்டுக்கும் சேலைக்கும் நடுவில் போட்டது. வெள்ளை வட்டத்தைப் பெரிதாகப் போட்டுச் சேலை முழுவதையும் அதற்குள் தள்ளிவிடலாம், ஒரு கூற்றும் உடையாது.

இரண்டாவது வராது. சில சேலை பட்டு என்பது உறுதி, அந்தப் பட்டு பருத்தி ஆக முடியாது. அந்தச் சேலை வெளியே நிற்கும்.

மலைக்காப்பி

அப்படியே. இரண்டாவதை அடிப்பதற்கு ‘ஒரு சில மட்டுமே’ தேவையே இல்லை என்பதையும் கவனியுங்கள். வெறும் ‘சில சேலைகள் பட்டு’ என்று இருந்தாலும் அது விழுந்திருக்கும். ‘மட்டுமே’ இந்தக் கேள்வியில் மிரட்டுவதற்காக நிற்கிறது. அதற்கு வேலை வர வேண்டுமானால் ‘எல்லாச் சேலைகளும் பட்டாக இருக்க வாய்ப்புண்டு’ என்று மூன்றாவது முடிவு ஒன்றைக் கேட்டிருக்க வேண்டும்.